ஏழுமலையும் அறுபத்து மூன்றரை கிலோவும்

1. முள் நகரவில்லை

தராசு முள் அறுபத்திரண்டரையில் போய் நின்றது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூட ஹால், காலை ஏழு மணி. தராசின் மேல் உள்ளாடையோடு நின்றவன் ஏழுமலை. நொச்சிக்குப்பத்துக்காரன். லைட் வெயிட், அதாவது அறுபது கிலோ வரையிலான பிரிவில், ஏழு வருஷமாகச் சென்னையில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. பக்கத்தில் கையில் வாளியும் தோளில் துண்டுமாக நின்றவன் நான், சபாபதி. பகலில் மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர், சாயங்காலத்தில் ஏழுமலைக்கு செகண்ட்.

செகண்ட் என்றால் குத்துச்சண்டைக்காரனின் மூலையில் நிற்கிற ஆள். ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நிமிஷம் கிடைக்கும். அதற்குள் ஸ்டூல் போட்டு, முகம் துடைத்து, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, புருவம் கிழிந்திருந்தால் ரத்தத்தை நிறுத்தி, காதில் நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். அறுபதுகளின் நடுவில் ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாகக் கிடைக்கும்.

எடை பார்க்கும் அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அறுபத்திரண்டரைதான் இருக்கு. வெல்ட்டர் பிரிவுன்னா அறுபத்து மூன்றரைக்கு மேல வேணும். அரை மணி டைம் தரேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

ஓடினேன். பாண்டி பஜார் மூலையில் ஒரு சீப்பு ரஸ்தாளி வாங்கி வந்தேன். ஏழுமலை நாலு பழம் தின்றான். பிறகு ஒரு சொம்பு தண்ணீர், இன்னொரு சொம்பு, அப்புறம் அரைச் சொம்பு.

"போதும் கம்பவுண்டரே, தொண்ட வரிக்கும் வந்துட்ச்சி" என்றான்.

"முழுங்குடா, பேசாதே. பேசினா வெளியில வந்துடும்" என்றேன்.

அறுபத்து மூன்று கிலோ அறுநூறு. நானும் டேவிட் மாஸ்டரும் சண்டையே ஜெயித்தது போலக் கட்டிக்கொண்டோம். மாஸ்டர் ராணுவத்தில் பாக்ஸிங் ஆடி ஓய்வு பெற்றவர்; பட்டினப்பாக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

அவனுக்குச் சண்டை மறுநாள் மாலை. மறுநாள் காலையிலும் எடை உண்டு. நாங்கள் முன்ஜாக்கிரதையாக வீட்டிலேயே பழமும் தண்ணீருமாக ரொப்பிக் கூட்டி வந்தோம். அறுபத்து நான்கு காட்டியது. அதிகாரி தலையாட்டினார். எங்களுக்கு ஒரே பெருமை.

மாலையில் செல்வராஜ் என்று ஓர் இருபத்திரண்டு வயசுப் பையன், ஒட்டடைக் குச்சி உயரம். இரண்டாவது ரவுண்டில் வயிற்றில் ஒன்று விட்டான். ஏழுமலை உட்கார்ந்துவிட்டான். ஏழு வருஷத்தில் அவன் பின்புறம் தரையில் பட்டு நான் பார்த்ததே இல்லை. எழுந்து, தள்ளாடி, எப்படியோ ரவுண்டை முடித்துக்கொண்டு மூலைக்கு வந்தவன், காலையில் குடித்ததில் பாதியை என் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தான். மூன்றாவது ரவுண்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்கிற அடையாளமாகத் துண்டை வீசினேன்.

2. தேசம்மா வாங்கிய சத்தியம்

லைட் வெயிட்டில் ராஜாவாக இருந்தவன் ஏன் இரண்டு படி தாண்டி வெல்ட்டருக்குப் போக வேண்டும்? கேட்காதவர்கள் இல்லை. காரணம் அவன் மனைவி தேசம்மா.

தேசம்மாவின் தம்பி ஒரு நாள் காலையில் கட்டுமரத்தில் போனான். கட்டுமரம் மட்டும் மூன்றாம் நாள் பட்டினப்பாக்கத்தில் ஒதுங்கியது. அன்றைக்கு அந்த மணலிலேயே ஏழுமலையின் கையைப் பிடித்து, இனிமேல் கடலுக்குப் போவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கடலுக்குப் போகாத செம்படவன் என்ன செய்வான்? கிண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பாக்ஸர் என்கிற மரியாதைக்கு, கேஷுவல் தொழிலாளியாக எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சுந்தரம் சார். வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத மனுஷர். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"லைட் வெயிட்டுக்கு நம்மகிட்ட பர்மனென்ட்ல ஆள் இருக்குப்பா. வெல்ட்டர்தான் காலி. வருஷக் கடைசியில கம்பெனிகளுக்குள்ள போட்டி வருது. அதுல வெல்ட்டர் கப்பைக் கொண்டு வா, ஆர்டர் வாங்கித் தரேன். இல்லேன்னா கேஷுவல் லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்லை."

ஆக, கப் வந்தால் நிரந்தர வேலை. வராவிட்டால் மறுபடியும் கடல். ஏழுமலைக்கு வயசு முப்பத்தொன்று. வேறு வேலை தெரியாது.

அப்போது அவன் எடை ஐம்பத்தொன்பதரை. வேண்டியது அறுபத்து மூன்றரைக்கு மேல். மாஸ்டர் மீசையை முறுக்கினார். "எடை ஏறினா அடி ஏறும், மேன். சாப்பாட்டுல ஏத்திடலாம்" என்றார். ஏத்தினோம். ஆட்டுக்கால், முட்டை, எருமைப்பால், மத்தியானம் தூக்கம். ஓடினால் சதை கரையும் என்று கடற்கரை ஓட்டத்தை நிறுத்தினார். கால் மாற்றி ஆடினால் எடை கரையும் என்று, பெரிய ஆளைப் போல நின்ற இடத்தில் நின்று குத்தச் சொன்னார். நானும் டாக்டரின் டானிக்கை எடுத்துப் போய் ஊற்றினேன். நாலு மாசத்தில் அவனுக்குக் கன்னம் வந்தது, தொப்பை வந்தது. அடி மட்டும் வரவில்லை.

3. "கதை முடிஞ்சிபோச்சி"

செல்வராஜிடம் விழுந்தது முதல் போட்டி. இரண்டாவது போட்டியில் பேர்கூட ஞாபகம் இல்லாத ஒருவனிடம் பாயிண்டில் தோற்றான். மூன்றாவதில் ஆட ஆரம்பித்து ஒரு வருஷமான பையன் ஒருவன் அவனைக் கயிற்றோரமாகவே ஓட்டிக்கொண்டு போய் வைத்துப் பிசைந்தான். ஒவ்வொரு போட்டியிலும் ஒவ்வொரு காலையிலும் பழமும் தண்ணீரும் மட்டும் தவறியதில்லை. அந்த விஷயத்தில் நான் கடிகாரம் மாதிரி.

முன்பெல்லாம் ஏழுமலை ஆடினால் பார்க்க வேண்டும்! அடி வரும்போது அவன் அங்கே இருக்க மாட்டான். வந்த கை காற்றைக் குத்திவிட்டுத் திரும்புவதற்குள் விலாவில் இரண்டு விழுந்திருக்கும். அந்த ஆளா இவன் என்று எனக்கே சந்தேகம் வந்தது. குப்பத்து ஜனங்கள் முகத்துக்கு நேரே பேச ஆரம்பித்தார்கள்.

"ஏழுமல கதை முடிஞ்சிபோச்சிபா. வயசாயிட்ச்சி. இன்னும் இன்னாத்துக்கு உதை வாங்கிக்கினு கீறான்?"

எனக்கு வந்ததே கோபம்! அவர்கள் மேல் இல்லை, என் மேலேயே.

ஒரு நாள் தேசம்மா மீன் கூடையோடு நேரே கிளினிக்குக்கு வந்துவிட்டாள். நோயாளிகள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை.

"கம்பவுண்டரே, நீயி மருந்து குடுக்கறவன்தானே? என் புருசன உப்ப வச்சி உப்ப வச்சி அடி வாங்க உடறியே, இது இன்னா வைத்தியம்? ராவெல்லாம் வயித்தப் புடிச்சிக்கினு பொரள்றாரு. எனுக்கு அவுரு கப்பு வாங்கணும்னு இல்ல. அந்த ஆர்டர் வந்தா கடல் இல்ல. அதான் எனுக்கு வோணும். அதுக்கு வயி சொல்லு."

உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு மருந்து மிக்ஸ்சர் பாட்டிலில் அளவுச் சீட்டு ஒட்டினேன்.

4. நாலாம் பக்கம்

அந்தக் காலத்தில் கம்பவுண்டர் வேலையில் பாதி பொட்டலம் மடிப்பது. பொடியை அளந்து போட்டு, சதுரக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். அதற்காக வீட்டிலும் கிளினிக்கிலும் சேர்கிற காகிதம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, ஓய்வு நேரத்தில் கத்தரிப்பேன்.

தேசம்மா வந்துபோன மறுநாள் அப்படிக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது கையில் வந்தது போட்டி விதிகள் அச்சடித்த தாள். இங்கிலீஷில் ஆறு பக்கம், சைக்ளோஸ்டைலில் நகலெடுத்தது. வருஷ ஆரம்பத்தில் சுந்தரம் சார் கொடுத்தார். முதல் பக்கத்தில் எடைப் பிரிவுகளின் அட்டவணை இருந்தது. அதை மட்டும் கிழித்துக் கொட்டகைக் கம்பத்தில் ஒட்டினேன். மிச்சத்தைப் பொட்டலத்துக்கு என்று போட்டுவிட்டேன். ஐந்து பக்கத்தையும் ஒருவரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை, மாஸ்டரும் படிக்கவில்லை. மற்ற கொட்டகைக்காரர்களும் இதே லட்சணம்தான். எங்களுக்கெல்லாம் அட்டவணைதான் விதி.

கத்தரிக்கோல் நாலாம் பக்கத்தில் பாதி ஓடியிருந்தது. கண்ணில் 'வெயிட்' என்று பட்டதால் நிறுத்தினேன். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் படித்தேன். போட்டியின் முதல் நாள் எடை பார்க்கும்போது ஒருவர் எந்தப் பிரிவில் வருகிறாரோ, போட்டி முடியும்வரை அதுதான் அவர் பிரிவு. மறுநாளிலிருந்து அந்தப் பிரிவின் மேல் எல்லையைத் தாண்டாமல் இருந்தால் போதும். குறைந்தால் கேள்வி இல்லை.

குறைந்தால் கேள்வி இல்லை!

மூன்று போட்டிகள். அத்தனை காலைகள். அத்தனை பழம், அத்தனை சொம்புத் தண்ணீர். ஒன்றுகூடத் தேவையில்லை, முதல் நாளைத் தவிர. சண்டை நாளில் ஒரு மனுஷனைத் தண்ணீர்க் குடமாக ஆக்கி, இருபத்திரண்டு வயசுக்காரன் முன்னால் நிறுத்தியது வேறு யாருமில்லை, நான்தான். செல்வராஜ் குத்தியது ஒரு குத்து. மிச்சத்தை எல்லாம் நான் குத்தியிருக்கிறேன். மருந்து அறையில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை.

டாக்டரிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, எடை பார்க்கும் அதிகாரியை அவர் வீட்டிலேயே போய்ப் பிடித்தேன். அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ஆமாம், அதுதான் விதி" என்றார் நிதானமாக.

"அப்போ ஒவ்வொரு நாளும் நாங்க ரொப்பிண்டு வரும்போது சொல்லியிருக்கலாமே சார்?"

"நீங்க கேக்கலையே. நீங்க ரொப்பினது எனக்கு எப்படித் தெரியும்? அறுபத்து நாலு காட்டித்து, எழுதினேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

5. மூன்று வாரக் கடல்

கொட்டகைக்கு வந்து மாஸ்டரிடம் ஒட்டுப்போட்ட தாளை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"ஐ ஆம் அ ஃபூல், சபாபதி" என்றார்.

"நம்ம ரெண்டு பேரும்தான் மாஸ்டர்" என்றேன்.

கணக்குப் பார்த்தோம். முதல் நாள் காலை மட்டும் தராசை ஏமாற்றினால் போதும் என்றால், அறுபத்திரண்டு கிலோ உடம்பே தாராளம். தொப்பையை இறக்கலாம். ஆனால் வருஷக் கடைசிப் போட்டிக்கு மூன்றே வாரம் இருந்தது. போன கால் வேகம் எப்படித் திரும்பும்?

ஏழுமலையே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஓடுனா வராது மாஸ்டர். எனுக்குக் காலு வந்ததே கட்டுமரத்து மேல நின்னுதான். அல தூக்கும்போது கால மாத்தலன்னா தண்ணிக்குள்ளதான். வலய இஸ்து இஸ்துதான் இடுப்பு. கடலுக்குப் போனா வரும். ஆனா சத்தியம் பண்ணிக்கீறேன்."

கடலிலிருந்து தப்ப அவன் கடலுக்குப் போக வேண்டும். இதைத் தேசம்மாவிடம் யார் சொல்வது? மாஸ்டர் என்னைப் பார்த்தார். ராணுவத்தில் பீரங்கி பார்த்தவர், ஆனால் தேசம்மாவைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நான் போய்ச் சொன்னேன். முதலில் பொட்டலக் காகிதக் கதையைச் சொன்னேன், என் தப்பை ஒளிக்காமல். பிறகு மூன்று வாரம் என்றேன். கழுவிக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"மூணு வாரம்னா இருவத்தோரு நாளு" என்றாள். "இருவத்ரெண்டாம் நாளு மரத்துல கால வச்சாருன்னா, உன்னத்தான் கடலுக்குள்ள தள்ளுவேன் கம்பவுண்டரே. மெய்யாலுமே தள்ளுவேன்."

இருபத்தொரு நாளும் அவன் போகும்போது கரையில் நின்றாள். திரும்பும்வரை அங்கேயே குந்தியிருந்தாள். கூடையை யாரிடமோ கொடுத்து விற்கச் சொல்லிவிட்டாள். விடிந்ததும் நானும் போய்ப் பார்ப்பேன். மூன்றாம் வாரம் ஏழுமலை மரத்திலிருந்து மணலில் குதித்த விதத்தைப் பார்த்து மாஸ்டர் என் தோளில் பளீரென்று ஒன்று வைத்தார். பழைய கால்! அப்போது அறுபத்திரண்டு கிலோகூட இல்லை. தொப்பை போன இடம் தெரியவில்லை.

6. கேள்வி வந்தது

முதல் நாள் காலை கடைசித் தடவையாக ரொப்பினோம். இட்லி, பழம், தண்ணீர். அறுபத்து மூன்று கிலோ அறுநூற்றைம்பது. சீட்டுக் குலுக்கியதில் அன்று மாலையே சண்டை விழுந்தது. வயிற்றில் அத்தனை தண்ணீர்! ஆனால் ஏழுமலை சாயங்காலத்துக்குள் பதினொரு தடவை பள்ளிக்கூடத்துச் சுவர் பக்கம் போய்வந்தான். எண்ணிக்கொண்டு நின்றது செகண்டாகிய நான்தான். அன்று பாயிண்டில் ஜெயித்தான், மயிரிழையில்.

இரண்டாம் நாள் காலை வெறும் காப்பியோடு தராசில் ஏறினான். அறுபத்தொன்று கிலோ எண்ணூறு. எதிராளியின் செகண்ட் துள்ளிக் குதித்தான்.

"சார், இவன் வெல்ட்டரே இல்ல சார்! ரெண்டு கிலோ கம்மி! டிஸ்குவாலிஃபை பண்ணுங்க!"

ஹால் முழுக்கத் திரும்பியது. சுந்தரம் சார் முகம் வெளுத்து என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து, நடுவில் ஒட்டுப்போட்ட அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்து வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் விரித்ததில்லை.

"நாலாம் பக்கம் சார்" என்றேன்.

அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை. "மேல் எல்லையைத் தாண்டலை. ஓகே. அடுத்த ஆள்" என்றார். அந்தச் செகண்ட் தாளைப் பிடுங்கிப் படித்துவிட்டுத் தன் ஆளைப் பார்த்தான். அந்தப் பையன் கையில் பாதி உரித்த வாழைப்பழம் இருந்தது.

அன்று மாலை ஏழுமலை அவனைச் சுற்றிச் சுற்றி ஆடினான். குப்பமே எழுந்து நின்று கத்தியது.

இறுதிச் சண்டைக்கு எதிரே வந்து நின்றவன் செல்வராஜ். அவனைவிட ஏழுமலை நாலரைக் கிலோ குறைவு, ஒன்பது வயசு கூட. முதல் ரவுண்டில் செல்வராஜ் அதே வயிற்றைத் தேடித் தேடிக் குத்தினான். வயிறு அங்கே இல்லை. கை போன பிறகு ஏழுமலை பக்கவாட்டில் நின்று இரண்டு கொடுத்தான். இரண்டாவது ரவுண்டில் புருவம் கிழிந்தது. ஒரு நிமிஷத்தில் பஞ்சை அழுத்தி ரத்தத்தை நிறுத்தினேன். கம்பவுண்டர் என்பதற்கு அன்றைக்காவது பிரயோஜனம் இருந்தது.

"மூச்சு வாங்குது கம்பவுண்டரே" என்றான்.

உண்மைதான். முப்பத்தொரு வயசு வயசுதான். பழைய ஏழுமலை மூன்றாவது ரவுண்டுக்குச் சிரித்துக்கொண்டே போவான். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான்.

"மூணு நிமிஷம்டா. மரத்து மேல நிக்கிறேன்னு நெனச்சுக்கோ. விழுந்தா தேசம்மா என்னைத் தள்ளிடுவா" என்றேன்.

சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு போனவன் மூன்று நிமிஷமும் நிற்கவே இல்லை. அலை தூக்கும்போது மாற்றுவது போலவே காலை மாற்றினான். செல்வராஜின் குத்துகள் எல்லாம் காற்றுக்குப் போயின. கடைசிப் பத்து வினாடியில் ஏழுமலையின் வலது கை தாடையில் போய் உட்கார்ந்தது, செல்வராஜ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெல் அடித்தது. நடுவர் ஏழுமலையின் கையைத் தூக்கினார்.

மாஸ்டர் என்னைத் தூக்கினார். நான் வாளியைத் தூக்கித் தண்ணீரை எங்கள் மேலேயே கொட்டினேன். சுந்தரம் சாரின் வெள்ளைக் கால்சட்டையெல்லாம் நனைந்தது, அவர் கவலைப்படவில்லை.

தேசம்மா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, ஹாலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நனைந்த சட்டையைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

7. இளைய செகண்டுகளுக்கு

அடுத்த வருஷம் ஏழுமலை முதல் சண்டையிலேயே தோற்றான். கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "போதும் கம்பவுண்டரே, இன்னிக்கு மெய்யாலுமே கதை முடிஞ்சிபோச்சி" என்று சிரித்தான். ஒரு பெரிய ஆட்டக்காரன் இறங்குவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அவன் இறங்குகிறானா, நாம் தள்ளுகிறோமா என்று செகண்ட் பார்க்க வேண்டும். வயசின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ஒரு வருஷம் சொம்பைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதனால்தான் சொல்கிறேன். வாளி தூக்குவதற்கு முன்னால் விதித்தாளை வாங்குங்கள். முதல் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். ஆறு பக்கமும் படியுங்கள்.

கப் ஜெயித்த பிறகு, ஆர்டர் வந்த வாரம் நொச்சிக்குப்பத்துக்குப் போயிருந்தேன். ஏழுமலையின் துடுப்பு குடிசை வாசலில் குறுக்கே கட்டித் தொங்கியது. தேசம்மா அதில் துணி காயப்போட்டிருந்தாள். நடுவில், தொழிற்சாலையில் கொடுத்த புதுக் காக்கிச் சட்டை.

"இன்னா கம்பவுண்டரே, பாக்கறே? இருவத்ரெண்டாம் நாளே துடுப்பக் கட்டிட்டேன்" என்றாள்.